திண்ணையில் ஒரு விருந்தாளி



சென்ற இதழின் வலிச் சிறப்புப் பகுதியில் ஒரு படம் போட்டிருந்தோம். ஒரு பூட்டு, பக்கத்தில் ஒரு சாவி. பூட்டின் மேல் ‘ஏற்பி’ என்றும் சாவியின் மேல் ‘மார்ஃபின்’ என்றும் எழுதியிருந்தது. அச்சுக்குப் போகும் கடைசி நாளில் அவசரமாக வரைந்த படம். பார்த்துத் தலையாட்டியவன் நான். அந்தப் படம் எனக்கு இரண்டு கடிதங்களை வாங்கித் தந்தது.

ஒன்று மதுரையிலிருந்து. மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அஞ்சலட்டையில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். திட்டவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நாலொக்சோன் என்கிற முறிவு மருந்தும் இதே பூட்டுக்குள்தான் நுழைகிறது, மார்ஃபினுக்குக் கொஞ்சமும் சளைக்காமல். அது நுழையும்போது மட்டும் கதவு ஏன் திறப்பதில்லை?

மற்றது காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, நான்கு பக்கம். எழுதிய பெண்ணின் அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா இப்போதுதான் இரவில் தூங்குகிறார். ஆனால் வந்து பார்க்கிற உறவினர்கள், பெற்ற தகப்பனுக்கா அபின் கொடுக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம். நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருந்தார்.

பேராசிரியருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவருக்கான பதிலைச் சொல்லாமல் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாது என்று. ஆகவே இந்த மாத ஆசிரியர் பக்கம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அபின் நமக்கு அந்நியமில்லை. குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிற கசகசா அபின் செடியின் விதைதான். துபாய்க்குப் போகிறவர்களிடம் பெட்டியில் கசகசா வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவது அதனால்தான். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். விதையில் போதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. விஷயம் காயின் தோலில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் வாங்கிய விவசாயிகள், பச்சைக் காயை மேலோட்டமாகக் கீறி விடுவார்கள். பால் கசியும், இரவில் காற்றுப் பட்டுப் பழுப்பேறிக் கெட்டியாகும். காலையில் அதை வழித்தெடுப்பார்கள். அதுதான் அபின். 1800களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த ஃப்ரீட்ரிஷ் செர்ட்யூர்னர் என்ற இளைஞர் அதிலிருந்து ஒரு வெள்ளைப் பொடியைப் பிரித்தார். கிரேக்கக் கனவுத் தெய்வத்தின் பெயரால் அதற்கு மார்ஃபின் என்று பெயர் வந்தது.

பொடி கிடைத்துவிட்டது. அது உடம்பில் எங்கே போய் உட்காருகிறது என்று கண்டுபிடிக்க இன்னும் 170 ஆண்டு ஆயிற்று.

ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் உட்காருகிறது என்ற சந்தேகம் முன்பே இருந்தது. காரணம், இந்த வகை மருந்துகள் சிலவற்றை இரண்டு வடிவத்தில் செய்யலாம். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அணுக்கள் அவையே, எண்ணிக்கையும் அதுவே. ஒன்று வலியைப் போக்கும், மற்றதால் அது ஆகாது. இடதுகால் செருப்பு வலதுகாலில் ஏறாததைப் போல. அப்படியென்றால் உள்ளே கால் ஒன்று இருக்க வேண்டுமே!

1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவருடைய பேராசிரியர் சாலமன் ஸ்னைடரும் அந்தக் காலைப் பிடித்தார்கள். எலி மூளையை அரைத்து, கதிரியக்கம் ஏற்றிய நாலொக்சோனைக் கலந்து, வடிகட்டியில் ஊற்றிச் சட்டென்று கழுவினார்கள். ஒட்டாதது ஓடிவிடும், ஒட்டியது தங்கும், தங்கியதை எண்ணிக்கொள்ளலாம். அதே ஆண்டு நியூயார்க்கில் எரிக் சைமனும் ஸ்வீடனில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தார்கள். 1978இல் இந்தத் துறைக்கு லாஸ்கர் பரிசு கொடுத்தபோது ஸ்னைடர் பெயர் இருந்தது, பெர்ட் பெயர் இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை, எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி.

பூட்டு கிடைத்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது. எங்கோ ஒரு செடியில் வடிகிற பாலுக்கு மனித மூளையில் எதற்கு இடம்? செடியை நம்பியா உடம்பு கட்டப்பட்டது? நாமே சுரக்கிற ஏதோ ஒன்றுக்காகக் கட்டிய இடமாகத்தான் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸ் விடிகாலையில் சைக்கிள் மிதித்து இறைச்சிக்கூடத்துக்குப் போவார். பன்றி மூளைகளை வாங்கிக்கொண்டு வருவார். அங்கே இருந்தவர்களுக்குக் கையூட்டு விஸ்கி பாட்டில் என்பார்கள். அவரும், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து எழுபது வயதிலும் ஆய்வகத்தை விடாத ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் 1975இல் அந்தப் பொருளைப் பிடித்தார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சரம். என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள், ‘தலைக்குள் இருப்பது’ என்று பொருள் வரும்படி. சரத்தின் முதல் மணியான டைரோசினின் சாயல் அப்படியே மார்ஃபினின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. மார்ஃபின் நம் வீட்டுக்கு வந்த அசல் விருந்தாளி இல்லை. விருந்தாளியின் சாடையில் இருப்பதால் உள்ளே விடப்பட்டவர்.

சரி, பேராசிரியரின் கேள்விக்கு வருகிறேன்.

பூட்டு என்றால் இரும்பு, அசையாது. ஏற்பி அப்படி இல்லை. அது சுமார் 400 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரு புரத நூல். நரம்பணுவின் மெல்லிய சவ்வை ஓட்டத் தையல் போட்டதுபோல் ஏழு முறை மேலும் கீழுமாகக் குத்தி நிற்கிறது. குத்திய ஒவ்வொரு துண்டும் ஒரு சுருள். ஏழு சுருள்கள் கட்டாக நிற்க, வெளிப்பக்கம் ஒரு குழிவு. அதை நான் திண்ணை என்று சொல்லப்போகிறேன், ஏனென்றால் மருந்து வீட்டுக்குள் நுழைவதே இல்லை. திண்ணையில் உட்காருவதோடு சரி. மூன்றாவது சுருளிலிருந்து எதிர்மின் ஏற்றமுள்ள ஓர் அமினோ அமிலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மார்ஃபினின் நைட்ரஜனுக்கு நேர்மின் ஏற்றம். இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. நாலொக்சோனும் அதே கையைத்தான் பிடிக்கிறது.

வித்தியாசம் எங்கே? மார்ஃபினில் அந்த நைட்ரஜனோடு ஒரே ஒரு கார்பன் ஒட்டியிருக்கும். நாலொக்சோனில் அந்த இடத்தில் மூன்று கார்பன் நீளமுள்ள ஒரு வால். வேறு சில்லறை மாற்றங்களும் உண்டு, ஆனால் குணத்தைத் தலைகீழாக்குவது இந்த வால்தான். ஏற்பி ஒருபோதும் சும்மா நிற்பதில்லை. தூளியில் கிடக்கிற குழந்தைபோல் நெளிந்துகொண்டே இருக்கும். ஒரு சாய்வில் அது ‘வேலை’ நிலை, இன்னொரு சாய்வில் ‘ஓய்வு’ நிலை. மார்ஃபின் உட்கார்ந்தால் வேலை நிலைப் பக்கம் சாய்வு கூடுகிறது. நாலொக்சோன் உட்கார்ந்தால் ஓய்வு நிலையிலேயே கிடக்கிறது. இடத்தைப் பிடிப்பது வேறு, ஆளை எழுப்புவது வேறு.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி உப்பு. ஆமாம், சாப்பாட்டு உப்பில் இருக்கிற அதே சோடியம். அந்த 1973இலேயே பெர்ட்டும் ஸ்னைடரும் கவ்ரில் பாஸ்டர்நாக்கும் ஒரு வினோதத்தைப் பார்த்தார்கள். சோதனைக் குழாயில் சோடியம் சேர்த்தால் மார்ஃபின் வகையறா ஏற்பியில் ஒட்டுவது வெகுவாகக் குறைகிறது. நாலொக்சோன் ஒட்டுவது கூடுகிறது! ஒரு சிட்டிகை உப்பு, எழுப்புகிறவர் யார், இடம் பிடிக்கிறவர் யார் என்று காட்டிக்கொடுத்துவிட்டது. ஏன் என்பதற்குக் கண்ணால் பார்த்த பதில் 2014இல்தான் வந்தது. டெல்டா என்ற சகோதர ஏற்பியின் மிகத் துல்லியமான படத்தில், சுருள்களின் நட்டநடுவே ஒரு சோடியம் அயனி, சுற்றிலும் சில நீர் மூலக்கூறுகளோடு, அடைகாக்கும் கோழிபோல் உட்கார்ந்திருந்தது. ஏற்பி ஓய்வில் இருக்கும்போது அந்தப் பொந்துக்கு இடமுண்டு. வேலை நிலைக்கு வளையும்போது பொந்து நசுங்கிவிடும், சோடியத்துக்கு இடமில்லை. நாற்பது ஆண்டுக்கு முன் குழாயில் கண்ட கணக்கு அணுவளவில் ஒத்துப்போனது. அறிவியலில் இந்த மாதிரி இடங்களைப் படிக்கும்போது எனக்கு இப்போதும் கை சிலிர்க்கும்.

மார்ஃபின் ஒட்டுகிற முக்கிய ஏற்பிக்கு மியூ என்று பெயர். அதன் முதல் படம் 2012இல் ஸ்டான்ஃபோர்டில் பிரையன் கோபில்காவின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அவருக்கு நோபல் கிடைத்த ஆண்டும் அதுவே. படத்தில் பார்த்தால் திண்ணை நல்ல அகலம், மேலே கூரை இல்லை. பல மருந்துகள் சடாரென்று வந்து சடாரென்று எழுந்துபோக முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். 2015இல் வேலை நிலையின் படம், 2018இல் செல்லுக்குள் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஜி-புரதத்தோடு சேர்ந்த படம் என்று அடுத்தடுத்து வந்தன.

திண்ணையில் ஒருவர் உட்கார்ந்தால் அடுக்களையில் என்ன நடக்கிறது? ஆறாவது சுருளின் உள்முனை வெளிப்பக்கமாக அகலுகிறது. சுமார் ஒரு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கு. அவ்வளவுதான் மொத்த அசைவும். அதில் பிறந்த இடுக்குக்குள் ஜி-புரதம் தன் வாலை நுழைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மருந்து மட்டும் வந்தால் ஏற்பி முழுதாக வளைவதில்லை, உள்ளிருந்து ஜி-புரதமும் கை கொடுத்தால்தான் அந்த வளைவு நிலைக்கிறது. வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் சேர்ந்து திறக்கிற கதவு இது. சாவிப் படம் இங்கேதான் அடியோடு தோற்றுப்போகிறது.

ஜி-புரதம் மூன்று துண்டுகள் சேர்ந்தது: ஆல்ஃபா, பீட்டா, காமா. ஓய்வில் இருக்கும்போது ஆல்ஃபா ஜிடிபி என்ற ஒன்றைக் கையில் வைத்திருக்கும் (பொருளாதாரப் பக்கத்து ஜிடிபி இல்லை). எழுப்பிவிட்டால் அதைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். அந்த இன்னொன்றையும் தமிழில் எழுதினால் ஜிடிபி என்றுதான் வரும், நம் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் முன்னதை இரண்டு பாஸ்ஃபேட்டுக்காரர் என்றும் பின்னதை மூன்று பாஸ்ஃபேட்டுக்காரர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பாஸ்ஃபேட்டுக்காரர் கைக்கு வந்ததும் ஆல்ஃபா ஒரு பக்கம், பீட்டா-காமா ஜோடி ஒரு பக்கம் என்று பிரிந்து வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சற்று நேரத்தில் ஒரு பாஸ்ஃபேட் உதிரும், மூவரும் மறுபடி கூடிவிடுவார்கள். திண்ணையில் ஆள் இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும்.

ஜோடியின் வேலை முக்கியம். பொட்டாசியம் வெளியேறும் மதகைத் திறந்துவிடுகிறது, நரம்பணு சோர்ந்து அமைதியாகிறது. நரம்பு நுனியில் கால்சியம் நுழையும் மதகை இறக்கிவிடுகிறது, அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லும் ரசாயனம் கொட்டுவது குறைகிறது. முதுகுத்தண்டில் வலிச்செய்தி கைமாறுகிற இடத்தில் இது நடந்தால் செய்தி அங்கேயே அடங்கிவிடும். மூளைக்குள் நடந்தால், வலி இருக்கிறது, ஆனால் என்னைப் படுத்தவில்லை என்று நோயாளிகள் சொல்வார்கள். குடலில் நடந்தால் மலச்சிக்கல். மூளைத்தண்டில் மூச்சுக்கு மேளம் தட்டுகிற நரம்பணுக்களில் அளவு மீறி நடந்தால் மேளம் நின்றுவிடும். மருந்தும் அதுவே, சாவும் அதுவே. ஒரே ஏற்பி, ஒரே அசைவு, இடம்தான் வேறு. மியூ ஏற்பி இல்லாத எலிகளை 1996இல் பிரான்ஸில் பிரிஜிட் கீஃபர் குழுவினர் உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளுக்கு மார்ஃபின் வலியையும் போக்கவில்லை, பழக்கத்தையும் உண்டாக்கவில்லை.

நல்லதை மட்டும் பிரித்தெடுக்க முடியாதா என்று கேட்காத ஆராய்ச்சியாளர் இல்லை. எழுந்த ஏற்பியை அடக்க அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டும். மூச்சடைப்பு அதன் வழியாக வருகிறது, ஜி-புரத வழியை மட்டும் எழுப்பினால் ஆபத்தில்லாத மருந்து கிடைக்கும் என்று ஒரு காலம் பெரிய நம்பிக்கை ஓடியது. அந்த வழியில் பிறந்த ஆலிசெரிடின் 2020இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது, மற்ற ஓபியாய்டுகளுக்கு, அதாவது மார்ஃபின் வகை மருந்துகளுக்கு, இருக்கிற அதே கடுமையான ‘கறுப்புக் கட்ட’ எச்சரிக்கையோடு. அரெஸ்டின் இல்லாத எலிகளுக்கும் மார்ஃபின் மூச்சைக் குறைக்கத்தான் செய்கிறது என்று பிந்தைய சோதனைகள் காட்டிவிட்டன. நாங்களும் முன்பொரு இதழில் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஊதிவிட்டோம்.

பிரித்தெடுக்கிற ஒரு சாமர்த்தியம் மட்டும் நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபரமைடு மாத்திரை. அதுவும் மியூ ஏற்பியை எழுப்புகிற மருந்துதான்! வழக்கமான அளவில் அது மூளைக்குள் நுழைய முயலும்போதெல்லாம் வாசலில் இருக்கிற ஒரு புரதம் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் குடலோடு நிற்கிறது. அளவை மீறினால் இதயத் துடிப்பே கோளாறாகும், விளையாட வேண்டாம்.

நாலொக்சோனின் ஓய்வு குணம் இப்போது புரியும். ஹெராயினோ ஃபென்டனிலோ அளவு மீறி மூச்சு நின்றுகொண்டிருப்பவருக்கு அதை ஊசியில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் திண்ணையைக் கைப்பற்றுகிறது. தான் எதையும் எழுப்புவதில்லை, மற்றவரையும் உட்கார விடுவதில்லை. மூச்சு திரும்புகிறது. ஆனால் அது சீக்கிரம் கிளம்பிவிடும் ஆள். ஒரு மணி நேரம் போல இருக்கும். போதை மருந்து அதற்குப் பிறகும் உடம்பில் இருந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம். அமெரிக்காவில் 2021இலும் 2022இலும் ஆண்டுக்கு 80,000 பேருக்கு மேல் ஓபியாய்டுகளால் இறந்தார்கள். 2023இல் அங்கே நாலொக்சோன் மூக்குத் தெளிப்பானை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கலாம் என்று ஆக்கினார்கள்.

காரைக்குடித் தங்கைக்கு இனி. உறவினர்கள் பயப்படுவது ‘பழகிவிடும்’ என்பதற்கு. பழகும்தான், எல்லோருக்கும் பழகும். 1975இல் மார்ஷல் நிரன்பெர்க் (நம் ஹர் கோபிந்த் குரானாவோடு நோபல் பகிர்ந்தவர்), ஷர்மா, க்ளீ மூவரும் மூளையே இல்லாத, தட்டில் வளர்த்த வெறும் செல்களுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆல்ஃபா துண்டு அடக்குகிற நொதி ஒன்று உண்டு. முதலில் அது அடங்கியது. நாள் செல்லச் செல்ல, செல் அந்த நொதியின் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டிக்கொண்டது. மார்ஃபினைச் சட்டென்று எடுத்தால், அடக்க ஆளில்லாமல் நொதி எகிறியது. தட்டில் இருந்த செல்லுக்கு ஒழுக்கக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. உடல் பழகிக்கொள்வதும், திடீரென்று நிறுத்தினால் வேர்த்து நடுங்குவதும் அந்தக் கணக்குத்தான். கேடு தெரிந்தும் விட முடியாமல் தேடி அலைகிற அடிமைத்தனம் வேறு. அப்படி ஆகிற ஆபத்து அறவே கிடையாது என்று எழுத மாட்டேன். அமெரிக்காவில் தாராளமாக எழுதித் தள்ளிய மாத்திரைகள் என்ன செய்தன என்று பார்த்தோம். ஆனால் எலும்பில் புற்று பரவிய ஒருவர், மருத்துவர் அளந்து கொடுத்ததைச் சாப்பிட்டு இரவில் தூங்குவதை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

ஆகவே அம்மா, நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைக்க வேண்டுமென்றால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மலச்சிக்கலுக்கு மருந்து கூடவே எழுதித் தரச் சொல்லுங்கள், அது மட்டும் நாள்பட்டாலும் பழகாது. மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை சேர்க்க வேண்டாம். எழுப்பியும் எழாத மயக்கமோ, விட்டுவிட்டு வரும் மூச்சோ கண்டால் உடனே மருத்துவமனைக்கு. மாத்திரையைப் பூட்டி வையுங்கள். பூட்டு அங்கே மட்டும் சரியான படம். உறவினர்கள் மறுபடி கேட்டால், அப்பாவின் உடம்பே சுரக்கிற பொருளின் சாடையில் உள்ள மருந்து என்று சொல்லுங்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அபினைச் சட்டப்படி விளைவித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற நாடு இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மார்ஃபின் 1977இன் முதல் பட்டியலிலிருந்தே இருக்கிறது. இருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, பல உரிமங்களுக்கு அலைய முடியாமல் நம் மருத்துவமனைகள் பலவும் மார்ஃபினை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. திருவனந்தபுரத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2014இல் சட்டம் தளர்த்தப்பட்டது. சட்டம் தளர்ந்த அளவுக்குப் பயம் தளரவில்லை.

மதுரைப் பேராசிரியருக்கு: படத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். அடுத்த இதழில் ஏழு சுருளும் நடுவில் சோடியமுமாக வரும். அச்சுக்கு முன் உங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மருத்துவமனையில், அரசாயினும் தனியாராயினும், புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று விசாரித்து எழுதுங்கள். நோயாளி பெயர் வேண்டாம், ஊர் பெயர் போதும். அஞ்சலட்டையில் எழுதினாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியர்